தண்ணீர் வண்டிக் கூடம்: ஹாங்காங்கின் தீயும் தெருவும்

ஹாங்காங்கின் யூன் லாங் பகுதியில் 'ஷுய் சே குன்' என்றொரு தெரு உண்டு. கண்டோனியத்தில் அதன் நேர்ப்பொருள் 'தண்ணீர் வண்டிக் கூடம்'. தீயணைப்பு நிலையத்துக்கு அந்நகரத்தார் வழங்கிய பழைய பெயர் அது. (நம் 'தீயணைப்பு' செயலைச் சுட்டுகிறது, அவர்களது பெயர் கருவியைச் சுட்டுகிறது.) அலுவல் வழக்கில் இப்பெயர் மறைந்து நெடுங்காலமாயிற்று. ஆனால் தீ விபத்தைப் பேச்சுவழக்கு இன்றும் 'ஃபோ சுக்' என்கிறது. 'நெருப்பு, மெழுகுவத்தி' என்னும் இரு சொற்களின் கூட்டு. சீன நகரங்களில் இரவுக் காவலர் தெருத்தெருவாகக் கூவிச் சென்ற எச்சரிக்கையில் இடம்பெற்ற சொல்லும் இதுவே.

தீயைக் காப்பது முதலில் தெருவின் பொறுப்பாக இருந்தது என்பதையே இச்சொற்கள் உணர்த்துகின்றன. 1851 டிசம்பரில் ஷெங் வானில் மூண்ட பெருந்தீ நூற்றுக்கணக்கான சீனர் வீடுகளை அழித்தது. 1866-இல் சீன வணிகர்கள் தம் செலவில் வட்டாரக் காவற்படையை அமைத்தனர். அரசின் தீயணைப்புப் படை அதற்கு இரண்டாண்டுகள் கழித்து, 1868-இல் சட்டத்தின்வழி உருவாயிற்று. முன்னர்க் காவல்துறைத் தலைவராக இருந்த சார்லஸ் மே அதன் முதல் கண்காணிப்பாளர். பல பத்தாண்டுகள் அப்படை காவல்துறையின் நிழலிலேயே இயங்கியது. நெரிசல் மிகுந்த சீனர் குடியிருப்புக்குள் அது உதவியாக மட்டுமன்றி அதிகாரமாகவும் நுழைந்தது என்று கருத இடமுண்டு.

அந்த இடைவெளியின் கசப்பான சான்று ஒரு சிலேடை. கண்டோனியக் கொச்சையில் 'சொய்' (தண்ணீர்) என்பது பணத்தையும் குறிக்கும். 1960களிலும் 70களின் தொடக்கத்திலும், குழாயைத் திறப்பதற்கு முன் தீயணைப்பாளர் சிலர் 'தண்ணீர்ப் பணம்' கேட்டனர். பணம் இருந்தால் தண்ணீர் வரும், இல்லையேல் ஆட்கள் கலைவர் என்ற பொருளில் ஒரு வழக்கே அந்நாளில் புழங்கியது. 1974-இல் ஊழல் தடுப்புக்கான சுயேச்சை ஆணையம் அமைந்ததன் வரலாற்றைச் சொல்வோர் இவ்வழக்கத்தைத் தவறாமல் குறிப்பிடுவர். எரியும் வீட்டின் வாசலில் பேரம் பேசிய ஓர் அமைப்பு, பின்னர் நகரத்தின் பெருமதிப்புக்குரிய துறைகளுள் ஒன்றாக மாறியதே என் பார்வையில் அதன் வரலாற்றின் மையச் செய்தி. பாடநூல்கள் அதைவிட ஷெக் கிப் மெய்க்கே மிகுந்த இடம் தருகின்றன.

1953 கிறிஸ்துமஸ் இரவில் ஷெக் கிப் மெய் குடிசைப் பகுதியில் பரவிய தீ ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை வீடற்றவராக்கியது. 'காய்ஃபோங்' எனப்படும் தெருவார் நலச் சங்கங்கள் துயர்துடைப்பில் இறங்கின. அரசு பல மாடி மறுகுடியமர்வுக் கட்டடங்களை எழுப்பியது. 1954-இல் எழுந்த மெய் ஹோ இல்லம் இன்றும் நிற்கிறது. பொது வீட்டுவசதி இந்த ஒரே தீயில் பிறந்தது என்ற கதையை மானிடவியலாளர் ஆலன் ஸ்மார்ட் 2006-இல் வெளியிட்ட நூலில் மறுக்கிறார். அடுத்தடுத்து நிகழ்ந்த குடிசைத் தீக்களையும் அக்கால அரசியல் அச்சத்தையும் அவர் முன்வைக்கிறார். எனக்கு அவ்வாதம் ஏற்புடையது.

தெருவார் கையிலிருந்த பொறுப்பு இன்று நிமிடக் கணக்காகியுள்ளது. அடர்ந்த பகுதியில் அழைப்பைக் கையாள ஒரு நிமிடம், பயணத்துக்கு ஐந்து. ஆக ஆறு நிமிடங்களுக்குள் வருவதாகத் துறை உறுதியளிக்கிறது. வீடுகள் சிதறிய பகுதிகளுக்கு அவ்வெல்லை 23 நிமிடங்கள் வரை நீளும். ஆனால் அக்கணக்கு அழைப்பு வந்த பின்னரே தொடங்குகிறது. 2025 நவம்பர் 26 அன்று தாய் போவின் வாங் ஃபுக் குடியிருப்பில் எட்டுக் கட்டடங்களுள் ஏழில் தீ பரவி, 150-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் ஒருவர் தீயணைப்பு வீரர். அங்கிருந்த எச்சரிக்கை மணிகள் முறையாக இயங்கவில்லை. தப்பியவர்களுள் பலருக்குச் செய்தி எட்டியது பக்கத்து வீட்டார் கதவைத் தட்டியதால்தான்.