மிட்வேயில் மூழ்கிய கப்பல், சயாமில் செத்த நம்மாளு

1/ ஜூன் 1942, மிட்வே. ஜப்பானோட நாலு விமானந்தாங்கிக் கப்பல்கள் ஒரே சண்டையில் காலி. பசிபிக் போரின் திருப்புமுனை. சரி, இதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?

2/ கடலில் ஜப்பானின் பிடி தளர்ந்தது. சிங்கப்பூர் வழியா ரங்கூன் போற கப்பல்களுக்கு நீர்மூழ்கி பயம். பர்மாவில் இருக்கிற படைக்கு அரிசியும் குண்டும் போகணுமே? காட்டை வெட்டி 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட்டாங்க. அதுதான் சயாம் மரண ரயில்.

3/ வெட்டினவங்களில் பல்லாயிரம் பேர் மலாயா ரப்பர் தோட்டத் தமிழர்கள். திருச்சி, தஞ்சாவூர், சேலம் பக்கமிருந்து போன குடும்பங்கள்.

4/ 1943 மழையில் காலரா. உடம்பில் நீர் வத்தித்தான் சாவு. போர்க்கைதி முகாம்களில் டாக்டர்கள் மூங்கில் குழாய் வச்சாவது சலைன் ஏத்தினாங்க. நம்மாளுங்க முகாம்களில் பெரும்பாலும் டாக்டரே இல்லை.

5/ மூழ்கின கப்பல்களுக்குப் பேர் இருக்கு: அகாகி, காகா, சோர்யு, ஹிர்யு. செத்தவங்களுக்கு முழுப் பட்டியல்கூட இல்லை. முசிறிப் பக்கம் உங்க வீட்டில் மலாயா போய்த் திரும்பாத தாத்தா இருந்தா, அவர் பேரை எழுதி வைங்க.