காலணாவும் கலர் ஜமக்காளமும்

எங்கள் காட்கோபர் வீட்டு ஹாலில் ஒரு பவானி ஜமக்காளம் உண்டு. சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என்று பட்டை பட்டையாக. ஊருக்குப் போனபோது எழும்பூர் கோ-ஆப்டெக்ஸில் வாங்கியது. கூடவே நாலு சென்னிமலை பெட்ஷீட், தங்கமணிக்கு ஒரு சுங்குடிப் புடவை. அந்தக் கடைக்குள் நுழைந்தால் எனக்குக் கண் நிறையும், தங்கமணிக்குப் பை நிறையும்!

தீபாவளி சமயம், பில்லில் 30 சதவீதம் தள்ளுபடி. "விற்காத சரக்கைத் தள்ளிவிடறாங்க" என்றுதான் பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். வங்கிக்காரன் புத்தி! ஆனால் இந்தத் தள்ளுபடிக்குப் பின்னால் ஒரு பசிக் கதை இருக்கிறது.

கோ-ஆப்டெக்ஸ் தொடங்கியது 1935-ல். நெசவாளர் சங்கங்கள் நெய்ததை வாங்கி விற்பதுதான் வேலை. 1952 வாக்கில் மில் துணியோடு போட்டி போட முடியாமல் கைத்தறித் துணி மலையாகத் தேங்கியது. தறி நின்றது. நெய்தவர்கள் கஞ்சித் தொட்டி முன்னால் வரிசையில் நின்றார்கள். வேட்டியும் சேலையும் கைத்தறிக்கே என்று ஒதுக்கச் சொல்லி முதல்வர் ராஜாஜி மத்திய அரசிடம் வாதாடினார். எதிர் முகாமில் இருந்த அண்ணா, 1953-ல் திருச்சித் தெருவில் கைத்தறித் துணியைத் தோளில் போட்டு விற்றார். எதிரும் புதிருமான இரண்டு பேர், ஒரே கவலை!

அதே 1953-ல் மத்திய அரசு ஒரு சட்டம் போட்டது. மில் துணிக்குக் கெஜத்துக்கு 3 தம்பிடி கூடுதல் வரி. நம் தாத்தா கணக்கில் காலணா. அந்தப் பணம் கைத்தறிக்கும் கதருக்கும் போனது. கைத்தறித் துணிக்குத் தள்ளுபடி தந்ததும் அதிலிருந்துதான்.

இங்கேதான் நம்ம பம்பாய் வருகிறது. காட்கோபரிலிருந்து ரெண்டாவது ஸ்டேஷன் குர்லா. அந்தப் பக்கம்தான் டாட்டாவின் சுதேசி மில் இருந்தது. அதுமாதிரி மில்களில் நெய்த ஒவ்வொரு கெஜமும் எங்கோ ஒரு சென்னிமலைத் தறிக்காகக் காலணா கட்டியது. 1982 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு பம்பாய் மில்கள் ஒவ்வொன்றாக மூடின. தறியோ இன்னும் ஓடுகிறது. 2019-20 கணக்கெடுப்பில் நாடு முழுக்கக் கைத்தறித் தொழிலாளர்கள் 35 லட்சத்துக்கு மேல்.

இப்போது போட்டி விசைத்தறியோடு. 1985 சட்டம் கைத்தறிக்கு ஒதுக்கிய வகைகளில் ஜமக்காளமும் ஒன்று. 2005-06-ல் பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இருந்தும் போலி வருகிறது. நானே ஒருமுறை நடைபாதையில் "ஒரிஜினல் பவானி சார்" என்றதை நம்பி, பாதி விலைக்கு ஒன்று வாங்கினேன். முதல் சலவையில் பக்கெட் முழுக்க ஹோலி! தங்கமணி இன்றுவரை சொல்லிக் காட்டுகிறாள்.

எனக்குப் போனது சில நூறு ரூபாய். நெய்தவருக்குப் போனது ஒரு விற்பனை, அதாவது ஒரு கூலி.

அதனால் இப்போதெல்லாம் கலரைப் பார்த்து மயங்கிய பிறகு, 2006-ல் வந்த கைத்தறி முத்திரை இருக்கிறதா என்றும் பார்க்கிறேன். பில்லில் தள்ளுபடியைப் பார்த்தால் ஜெயித்துவிட்டதாக நினைப்பதில்லை. அந்தக் காலணாதான் ஞாபகம் வருகிறது.