வெளிநாடு போறீங்களா? ரோமிங் பில் எகிறாமல் இருக்க, கிளம்பும் முன் வீட்டிலேயே செய்ய வேண்டியது என்ன?

கள்ளிக்குப்பத்தில் டாக்ஸி ஏறி, பாடி, கோயம்பேடு, கத்திப்பாரா தாண்டி மீனம்பாக்கம் போய்ச் சேர டிராஃபிக்கைப் பொறுத்து ஒரு மணி நேரமும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். பாஸ்போர்ட் எடுத்தாச்சா, மாத்திரை எடுத்தாச்சா, ஊறுகாய் பாட்டில் ஒழுகாமல் கட்டியாச்சா என்று எல்லாம் சரிபார்த்த பிறகு, பெரும்பாலும் கத்திப்பாரா பக்கத்தில்தான் அந்தக் கேள்வி வரும்: “ஆமா, அங்க போனா இந்த சிம் வேலை செய்யுமா?”

அது கொஞ்சம் லேட்டான கேள்வி. வெளிநாட்டில் மொபைல் டேட்டாவுக்கு எவ்வளவு செலவாகும் என்பது, கிளம்புவதற்கு முந்தைய நாள் வீட்டு வைஃபையில் உட்கார்ந்து போனில் என்ன செட்டிங் செய்தோம் என்பதைப் பொறுத்தது.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஒரு சார் சிங்கப்பூரில் இருக்கும் மகன் வீட்டுக்கு 15 நாள் போனார். டேட்டா செலவை மிச்சம் பிடிக்க ஏர்போர்ட்டிலேயே உள்ளூர் சிம் வாங்கினார். நல்ல முடிவுதான். ஆனால் இந்திய சிம்மைக் கழற்றி பர்ஸில் வைத்துவிட்டார். நாலாவது நாள் ஊரில் தங்கைக்கு ஆஸ்பத்திரி செலவு; அவசரமாகப் பணம் அனுப்ப வேண்டும். பேங்க் ஓடிபி வரவில்லை. பழைய சிம்மைத் திரும்பப் போட்டார், சிக்னலே இல்லை. இன்டர்நேஷனல் ரோமிங்கை ஆன் பண்ணாமலேயே போயிருந்தார். அதை ஆன் பண்ண ஆப்பைத் திறந்தால், அது அதே எண்ணுக்கு ஓடிபி அனுப்புகிறேன் என்கிறது! கடைசியில் மகன்தான் பணம் அனுப்பினார். டேட்டாவில் சில நூறு ரூபாய் மிச்சம். தன் பணத்தைத் தானே எடுக்க முடியாத நிலை. ஆகவே டேட்டா, ஓடிபி இரண்டையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

ரோமிங் ஏன் இவ்வளவு காஸ்ட்லி?

நம்ம ஊர் சிம்மோடு கோலாலம்பூரில் இறங்கினால், போன் அங்குள்ள ஒரு நிறுவனத்தின் டவரைப் பிடிக்கும். அந்த நிறுவனம் நமக்கு பில் போடாது. நம்முடைய இந்திய நிறுவனத்துக்குப் போடும். அதன் மேல் தன் லாபத்தையும் வைத்து இந்திய நிறுவனம் நம்மிடம் வசூலிக்கும். நாம் மலேசியாவில் உட்கார்ந்து ஒரு வீடியோ பார்த்தாலும், அந்த டேட்டா பெரும்பாலும் இந்தியாவில் உள்ள நம் நிறுவனத்தின் நெட்வொர்க் வழியாகச் சுற்றித்தான் வருகிறது.

பேக் எதுவும் போடாமல் போனால் கட்டணம் ஜிபி கணக்கில் இருக்காது, கேபி கணக்கில் இருக்கும். அங்கேதான் பலருக்குக் கண் ஏமாறுகிறது. உதாரணத்துக்கு 10 கேபிக்கு 1 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பார்த்தால் ஒரு ரூபாய்தானே! 1 எம்பிக்கு 102 ரூபாய் ஆகிறது. 1 ஜிபிக்கு 1 லட்சத்து 4 ஆயிரத்தைத் தாண்டும். ப்ரீபெய்டு என்றால் பேலன்ஸ் காலியானதும் டேட்டா நின்றுவிடும். போஸ்ட்பெய்டு வைத்திருப்பவர்கள்தான் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்தப் பிரச்சனையைச் சட்டம் போட்டே முடித்தார்கள். 2017 ஜூன் 15 முதல் ஒரு உறுப்பு நாட்டின் சிம்மை இன்னொரு உறுப்பு நாட்டில் உள்ளூர் கட்டணத்திலேயே பயன்படுத்தலாம். 2022ல் அந்த விதியை மேலும் 10 ஆண்டுகளுக்கு நீட்டித்தார்கள். அதனால் பாரிஸில் வாங்கும் சிம் பெரும்பாலும் ரோமிலும் வேலை செய்யும். நமக்கும் அண்டை நாடுகளுக்கும் நடுவில் அப்படி ஒரு ஏற்பாடு இன்னும் இல்லை.

இந்திய சிம்மைக் கழற்றாதீங்க

இப்போது வரும் பெரும்பாலான போன்களில் இரண்டு சிம் போடலாம். இந்திய சிம் போனிலேயே இருக்கட்டும், ஓடிபிக்காக. வெளிநாட்டு சிம்மோ இ-சிம்மோ டேட்டாவுக்காக. இந்திய சிம்மில் ‘டேட்டா ரோமிங்’ மட்டும் ஆஃப். வேலை அவ்வளவுதான், ஆனால் இதில் நாலைந்து இடத்தில் கால் இடறும்.

முதலில், இன்டர்நேஷனல் ரோமிங் சேவையை இங்கிருந்து கிளம்பும் முன்பே ஆக்டிவேட் செய்ய வேண்டும். ‘சேவை’ வேறு, ‘டேட்டா ரோமிங்’ பட்டன் வேறு. சேவை ஆன், பட்டன் ஆஃப். பொதுவாக ரோமிங்கில் வரும் எஸ்எம்எஸ்களுக்கு இந்திய நிறுவனங்கள் கட்டணம் வாங்குவதில்லை. உங்கள் பிளானிலும் அப்படித்தானா என்று ஆப்பில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த எண்ணுக்கு வரும் போன் காலை எடுத்தால் காசு. லோன் வேணுமா என்று கேட்கும் காலுக்கு வெளிநாட்டில் இருந்து நிமிடக் கணக்கில் பணம் கட்டுவதைவிடக் கடுப்பான விஷயம் கிடையாது. தெரியாத நம்பரை எடுக்காதீங்க.

அடுத்து வேலிடிட்டி. மகள் பிரசவத்துக்கு அமெரிக்கா போய் ஆறு மாதம் தங்கும் அம்மாக்கள் இங்குதான் மாட்டுகிறார்கள். 28 நாள் பிளான் முடிந்தால் ஓடிபியும் போச்சு. 90 நாட்கள் எந்தப் பயன்பாடும் இல்லை என்றால் அந்த எண்ணே துண்டிக்கப்படலாம். இதற்கு ஒரு வழி இருக்கிறது. டேட்டா இல்லாமல் கால், எஸ்எம்எஸ் மட்டும் உள்ள பேக்குகளைத் தர வேண்டும் என்றும், அவற்றின் வேலிடிட்டி 365 நாள் வரை இருக்கலாம் என்றும் 2024 டிசம்பரில் டிராய் விதியைத் திருத்தியது. 2025 ஜனவரியில் இருந்து நிறுவனங்கள் அந்த பேக்குகளை விற்கின்றன. ஆப்பில் முதல் பக்கத்தில் கண்ணில் படாது, கொஞ்சம் தேடணும்.

வாட்ஸ்அப் பற்றியும் ஒரு வார்த்தை. புது சிம் போட்டதும் ‘நம்பரை மாற்றவா’ என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பழைய நம்பரிலேயே வாட்ஸ்அப் ஓடும். எந்த எண்ணில் கணக்கு இருக்கிறதோ அந்த சிம் போனில் இருந்தால்தான் மெசேஜிங் ஆப்கள் இயங்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை 2025 நவம்பரில் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. சிம் போனுக்குள்ளேயே இருந்து ரோமிங்கில் இருப்பவர்களுக்குப் பாதிப்பில்லை என்றும் அரசுத் தரப்பில் விளக்கப்பட்டது. சிம்மைக் கழற்றக் கூடாது என்பதற்கு இது இன்னொரு காரணம். யுபிஐ ஆப்களும் சிம்மோடு சேர்ந்தே வேலை செய்பவைதான்.

ஐபோன் வைத்திருப்பவர்கள் கவனிக்க: ‘அலோ செல்லுலார் டேட்டா ஸ்விட்சிங்’ என்று ஒரு பட்டன் இருக்கிறது. அது ஆனில் இருந்தால், உள்ளூர் சிம்மில் சிக்னல் குறையும்போது போன் தானாக இந்திய சிம்மின் டேட்டாவுக்கு மாறப் பார்க்கும். ஆஃப் பண்ணுங்க. சில ஆண்ட்ராய்டு போன்களிலும் இதே வசதி வேறு பெயரில் இருக்கிறது.

பேக்கா, உள்ளூர் சிம்மா, இ-சிம்மா?

இரண்டு மூன்று நாள் பயணம், அல்லது இரண்டு மூன்று நாடுகளை வேகமாகச் சுற்றும் டூர் என்றால் இந்திய நிறுவனத்தின் ரோமிங் பேக்கே போதும். கடை தேடி அலைய வேண்டாம். பேக் வாங்கும்போது நீங்கள் போகும் நாடு பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், நடுவில் விமானம் மாறும் துபாய், தோஹாவும் இருக்கிறதா என்று பாருங்கள். ‘அன்லிமிடெட்’ என்று போட்டிருந்தால், எத்தனை ஜிபிக்குப் பிறகு வேகம் குறையும் என்பதைச் சின்ன எழுத்தில் தேடுங்கள். அடிக்கடி போய்வருபவர்களுக்கு ஆண்டு பேக்குகளும் வந்துவிட்டன. ஏர்டெல் 2025ல் 5 ஜிபி டேட்டாவோடு ஓராண்டுக்கு 4,000 ரூபாய் என்று ஒன்றை அறிமுகப்படுத்தியது. விலைகள் மாறிக்கொண்டே இருப்பவை, வாங்கும் அன்று ஆப்பில் பார்ப்பதுதான் சரி.

ஒரு வாரத்துக்கு மேல் ஒரே நாட்டில் தங்கினால் உள்ளூர் சிம்தான் பெரும்பாலும் லாபம். ஒரே கணக்குதான்: விலையை ஜிபியால் வகுத்துப் பாருங்கள். கணவன் மனைவி சேர்ந்தே சுற்றுகிறார்கள் என்றால் இரண்டு சிம் எதற்கு? ஒருவர் வாங்கி ஹாட்ஸ்பாட் போட்டால் போதும். பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும், பல நாடுகளில் அது இல்லாமல் சிம் தர மாட்டார்கள்.

இ-சிம் என்பது பிளாஸ்டிக் கார்டு இல்லாமல் போனுக்குள்ளேயே பதிவாகும் சிம். உங்கள் போனில் வேலை செய்யுமா என்று தெரிந்துகொள்ள *#06# டயல் பண்ணுங்க. வரும் பட்டியலில் ஐஎம்இஐ எண்களோடு ‘இஐடி’ என்று ஒரு நீளமான எண் இருந்தால் வேலை செய்யும். ஐபோனில் 2018ல் வந்த எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ் மாடல்களில் இருந்தே இந்த வசதி உண்டு.

யூடியூபில் எல்லோரும் சொல்லும் வெளிநாட்டு இ-சிம் ஆப்கள் சில இங்கே ஏன் கிடைப்பதில்லை என்று கேட்கலாம். இந்தியாவில் வெளிநாட்டு சிம் விற்க தொலைத்தொடர்புத் துறையின் தடையில்லாச் சான்று வேண்டும். அது இல்லாமல் விற்றதாக ஏரலோ, ஹோலாஃப்ளை ஆகிய இரண்டும் 2024 ஜனவரியில் இங்கே முடக்கப்பட்டன. அனுமதி பெற்ற விற்பனையாளரிடம் வாங்குங்கள், அல்லது போய் இறங்கியதும் அந்த நாட்டு நிறுவனத்திடமே இ-சிம் கேளுங்கள்.

நம்மவர்கள் அதிகம் போகும் நாடுகளில்...

சிங்கப்பூரில் சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1 என மூன்றுமே சுற்றுலா சிம் விற்கின்றன. சாங்கி ஏர்போர்ட்டில் இலவச வைஃபை இருப்பதால், வெளியே வரும் முன் வீட்டுக்குத் தகவல் சொல்ல ஒரு ரூபாய் செலவு செய்ய வேண்டாம். மலேசியாவில் செல்காம்டிஜி, மேக்சிஸ், யு மொபைல். இலங்கைக்கு கட்டுநாயக்க விமான நிலையத்தில் டயலாக், மொபிடெல் கவுன்டர்கள் இருக்கின்றன. அங்கே 2024 பிப்ரவரியில் யுபிஐ வந்துவிட்டதால் இந்திய சிம் போனில் இருப்பது கூடுதல் வசதி.

ஐக்கிய அரபு அமீரகம் தனிக் கதை. சிம் வாங்குவது அங்கே கஷ்டமில்லை, ஆனால் உள்ளூர் நெட்வொர்க்கில் வாட்ஸ்அப் காலும் வீடியோ காலும் வேலை செய்யாது. மெசேஜ், வாய்ஸ் நோட் மட்டும்தான். போடிம் போன்ற அனுமதிக்கப்பட்ட ஆப்பில்தான் பேச முடியும். அப்பா போனிலும் அதை இங்கேயே இன்ஸ்டால் செய்து, ஒருமுறை பேசிக் காட்டிவிட்டுக் கிளம்புங்கள். அங்கே போய் போனிலேயே சொல்லிக்கொடுக்கலாம் என்று நினைத்தால், எந்தப் போனில் சொல்லிக்கொடுப்பீங்க?

சீனாவுக்கு வியாபாரமாகப் போகிறவர்களுக்கு மட்டும் ரோமிங் பேக்தான் நல்லது. டேட்டா இந்தியா வழியாகச் சுற்றி வருகிறது என்றோமே, அதனால்தான் கூகுளும் வாட்ஸ்அப்பும் இந்திய சிம்மில் கிடைக்கும். உள்ளூர் சிம்மில் இரண்டும் தடை.

நமக்கே தெரியாமல் ஓடும் டேட்டா

வாட்ஸ்அப்பில் டெக்ஸ்ட் மெசேஜுக்கு ஆகும் டேட்டா ஒன்றுமே இல்லை. ஒரு மணி நேர வீடியோ கால் சில நூறு எம்பியைச் சாப்பிடும். ஹெச்டியில் ஒரு மணி நேரம் வீடியோ பார்த்தால் 1 ஜிபியைத் தாண்டலாம். ஆனால் பல நேரம் தீர்த்துக்கட்டுவது நாம் பார்ப்பதல்ல, போட்டோ பேக்கப்பும் ஆப் அப்டேட்டும்தான். இரண்டையும் ‘வைஃபையில் மட்டும்’ என்று மாற்றுங்கள். குடும்ப குரூப்பில் வரும் குட்மார்னிங் வீடியோக்கள் தானாக டவுன்லோட் ஆகாதபடி வாட்ஸ்அப் செட்டிங்கில் நிறுத்துங்கள். டேட்டா சேவரையும் ஆன் பண்ணிவிடுங்கள்.

போகும் ஊரின் கூகுள் மேப்பை இங்கேயே டவுன்லோட் செய்துகொண்டால் அங்கே நெட் இல்லாமலே வழி பார்க்கலாம். கூகுள் டிரான்ஸ்லேட்டில் தமிழையும் ஆஃப்லைனில் இறக்கிக்கொள்ளலாம்.

விமானத்திலும் நடுக்கடலில் போகும் சொகுசுக் கப்பலிலும் போன் தேடிப் பிடிப்பது சாட்டிலைட் வழி நெட்வொர்க். சாதாரண ரோமிங் பேக்குகள் பலவற்றில் அது சேராது, கட்டணமும் எக்கச்சக்கம். ஏறியதும் ஃபிளைட் மோட்.

வெளிநாடே போகாமலும் இதில் மாட்டலாம். தனுஷ்கோடியில் இருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர்தான். கடற்கரையில் நிற்கும்போது போன் இலங்கை டவரைப் பிடித்து ‘வெல்கம் டு ஸ்ரீலங்கா’ என்று மெசேஜ் வருவது அங்கே சகஜம். இன்டர்நேஷனல் ரோமிங் ஆக்டிவேட் ஆகாத சிம்முக்கு ஒன்றும் ஆகாது. போன வருஷம் சிங்கப்பூர் போனபோது ஆன் பண்ணிவிட்டு மறந்துபோனவர்கள், ராமேஸ்வரம் கிளம்பும் முன் ஒருமுறை செட்டிங்கைத் திறந்து பார்த்துவிடுங்கள்.