டீசல் கார் நடுவழியில் நின்றால்: அவுக்ஸ்பர்க் தரும் பாடம்



சென்ற வாரம் பழைய மாணவர் ஒருவர் போனில் அழைத்தார். அப்பா காலத்து டீசல் கார் ஒன்றை விற்க மனமில்லாமல் வைத்திருக்கிறார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி புறவழிச்சாலையில் இரண்டு மூன்று முறை திணறி நின்றுவிட்டது. அதன்பின் செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின்தான் பிடிக்கவில்லை. வந்து பார்த்த மெக்கானிக், "பம்ப் போச்சு, இறக்கிடலாம்" என்றிருக்கிறார். அந்தச் செலவைக் கேட்டதும், வண்டியைப் பழைய இரும்புக்கே போட்டுவிடலாமா என்ற யோசனை வந்துவிட்டது. "பிளஸ் ஒன்ல கார்னோ எஞ்சின் நடத்தினீங்களே சார், நீங்களே சொல்லுங்க" என்றார்.

பம்பில் கைவைப்பதற்கு முன்னால் டேங்கிலிருந்து பார்த்துக்கொண்டு வாருங்கள் என்று சொன்னேன். அந்த ஒரு வரிக்குப் பின்னால் முப்பது நாற்பது வருட வரலாறு இருக்கிறது. அது தெரிந்தால், எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் பார்ப்பது என்பது தானாகவே விளங்கும்.

ருடால்ஃப் டீசல் 1858-இல் பாரிஸில் பிறந்த ஜெர்மானியர். மியூனிக்கில் பொறியியல் படித்தபோது அவருக்கு ஆசிரியராக இருந்தவர், குளிர்பதன இயந்திரத்தால் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற கார்ல் லிண்டே. 1878-இல் ஒரு வகுப்பு. நிலக்கரி தரும் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட நீராவி எஞ்சின் வேலையாக மாற்றுவதில்லை என்று லிண்டே விளக்குகிறார். கார்னோ சொன்ன எல்லையோ வெகு தூரத்தில் இருக்கிறது. கேட்டுக்கொண்டிருந்த இருபது வயது மாணவர், அந்தத் தூரத்தைக் குறைக்க வழியுண்டா என்று ஆராய வேண்டும் எனத் தன் நோட்டின் ஓரத்தில் எழுதி வைத்தார். நோட்டின் ஓரத்தில் கிறுக்குகிறீர்கள் என்று நான் திட்டிய மாணவர்கள் இதைக் கவனிக்கவும்!

1892-இல் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடும் அல்லவா? அதுதான் அடிப்படை. காற்றைச் சுமார் இருபதில் ஒரு பங்கு இடத்துக்குள் சட்டென்று அமுக்கினால், அதன் சூடு 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்த நொடியில் எண்ணெயைத் தெளித்தால் தானே தீப்பிடிக்கும். ஸ்பார்க் பிளக் வேண்டாம், காயில் வேண்டாம். காற்று, அமுக்கம், நேரத்துக்கு எண்ணெய் என்ற மூன்று போதும்.

ஏட்டில் எளிதாகத் தெரிந்தது, பட்டறையில் அவரைப் படாதபாடு படுத்தியது. ஜெர்மனியின் அவுக்ஸ்பர்க் நகர இயந்திரத் தொழிற்சாலையில் 1893 ஆகஸ்ட் 10 அன்று முதல் சோதனை நடந்தது. எண்ணெய் தெளித்ததும் வெடித்து, அழுத்தம் அளக்கும் கருவி சிதறி, துண்டுகள் டீசலின் தலைக்கு அருகே பறந்தன. அமுக்கிய காற்றே தீயை மூட்டும் என்பதாவது அன்று உறுதியானது. பிறகு 1894 பிப்ரவரி 17. எஞ்சினை வெளியிலிருந்து பெல்ட் போட்டுச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று பெல்ட்டின் இழுவை மாறியது. பெல்ட் எஞ்சினை இழுத்தது போய், எஞ்சின் பெல்ட்டை இழுத்தது. நிமிடத்துக்கு 88 சுற்று வீதம், ஒரே ஒரு நிமிடம். இதை முதலில் கவனித்தவர் டீசல் அல்ல. எஞ்சினருகே நின்ற ஒரு தொழிலாளி. அவர் பேசாமல் தன் தொப்பியைக் கழற்றினாராம்.

சரியாக மூன்று வருடம் கழித்து, 1897 பிப்ரவரி 17 அன்று, பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் எஞ்சினை முறையாகச் சோதித்தார். எரிபொருளின் வெப்பத்தில் 26 சதவீதத்துக்குச் சற்று மேல் வேலையாக மாறியது. அன்றைய எந்த எஞ்சினும் அதன் அருகில்கூட வரவில்லை.

இத்தனை வருடம் தாமதமானதற்குப் பெரும் காரணம் எண்ணெய் தெளிப்பதுதான். காற்றை உள்ளே இழுப்பதும் அமுக்குவதும் ஓரளவு கைக்கு வந்துவிட்டன. அமுக்கிய காற்றின் அழுத்தத்தை மீறி, துளி எண்ணெயை, சொன்ன நேரத்தில், சொன்ன அளவில் உள்ளே செலுத்த அன்றைய பம்ப்களால் முடியவில்லை. தனியாக ஒரு கம்ப்ரசர் வைத்து, அதைவிட அழுத்தமான காற்றால் எண்ணெயை ஊதி அனுப்பித்தான் டீசல் வென்றார். அந்தக் கம்ப்ரசரின் பருமனால் எஞ்சின் தொழிற்சாலைகளிலும் கப்பல்களிலும் மட்டுமே குடியிருக்க முடிந்தது. விற்ற ஆரம்பகால எஞ்சின்கள் அடிக்கடி நின்று புகார்கள் குவிந்தன. டீசலின் உடல்நலம் குலைந்தது, கடன் ஏறியது. 1913 செப்டம்பர் 29 இரவு, ஆண்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்துக்குப் போன கப்பலிலிருந்து அவர் காணாமல் போனார். தன் எஞ்சின் ஒரு காரில் ஓடியதை அவர் பார்க்கவே இல்லை.

முடிச்சை அவிழ்த்தது ராபர்ட் பாஷ் நிறுவனம். 1922-இல் தொடங்கி, 1927-இல் தொழிற்சாலை அளவில் எரிபொருள் பம்ப்களைத் தயாரிக்கத் தொடங்கினார்கள். அந்தப் பம்புக்குள் தண்டுக்கும் உருளைக்கும் இடையே உள்ள இடைவெளி, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்குதான். நம் தலைமுடியின் தடிமன் அதைப்போல இருபது மடங்குக்கு மேல் இருக்கும். அதன்பின் கம்ப்ரசர் தேவைப்படவில்லை. 1936-இல் பெர்லின் கண்காட்சியில் மெர்சிடஸ் பென்ஸ் 260 டி என்ற டீசல் கார் வந்தது. நம் நாட்டில் பெங்களூரில் 1951-இல் மைக்கோ தொடங்கப்பட்டது. 1980-ஐ ஒட்டி அம்பாசடரில் 1489 சிசி டீசல் எஞ்சின் வந்து, டாக்ஸி ஸ்டாண்டுகளை நிரப்பியது.

இப்போது நின்றுபோன வண்டிக்கு வருவோம். டீசலை வருடக்கணக்கில் அலைக்கழித்த அதே இடம்தான் பழைய டீசல் காரிலும் முதலில் பழுதாகும். சாதாரண கார் எஞ்சினில் ஒரு தெளிப்புக்கு வேண்டிய டீசல், ஒரு சொட்டில் பாதிகூட இருக்காது. 3000 சுற்றில் ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டருக்கும் நொடிக்கு 25 முறை அது போயாக வேண்டும். நடுவில் ஒரு காற்றுக் குமிழி புகுந்தால் போதும். டீசலை அமுக்கினால் அழுத்தம் அப்படியே நாசிலுக்குப் போகும். காற்றை அமுக்கினால் அது சுருங்கிக்கொள்ளும். நாசில் திறக்க நூறு மடங்கு வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் வேண்டும். குமிழி இருக்கும்வரை அது வராது. "ஏர் லாக்" என்று டிரைவர்கள் சொல்வது இதைத்தான்.

ஆகவே முதலில், வண்டி எப்படி நின்றது என்று நினைத்துப் பாருங்கள்.

திணறித் திணறி நின்றால், பெரும்பாலும் டீசல் வரத்தில் குறை. சுவிட்ச் போட்டதுபோல் பட்டென்று நின்றால், ஸ்டாப் கேபிள் இழுபட்டிருக்கலாம், பிற்காலப் பம்ப்களில் சொலினாய்டுக்குக் கரண்ட் போகாமல் இருக்கலாம். சத்தத்தோடு நின்றாலோ, சூடு ஏறி நின்றாலோ செல்ஃப் அடிக்கவே கூடாது. ஆயிலையும் தண்ணீரையும் பார்த்து (சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள்), எஞ்சின் கையால் சுற்றுகிறதா என்று ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். வழக்கத்தைவிட லேசாக, வேகமாகச் சுற்றினால் டைமிங் பெல்ட்டோ செயினோ அறுந்திருக்கலாம். அப்போதும் நிறுத்திவிடுங்கள். வால்வு பிஸ்டனில் இடித்தால் செலவு பல மடங்காகும். ஹீட்டர் பிளக்கை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். அது குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பத்தான். ஓடும் எஞ்சின் நிற்க அது காரணமாகாது.

டீசல் குறை என்று தோன்றினால் டேங்கில் தொடங்குங்கள். மூடியைத் திறக்கும்போது காற்று உஸ்ஸென்று உள்ளே இழுக்கிறதா? அப்படியானால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. இந்தப் பழுதுள்ள வண்டி சற்று ஓய்வெடுத்தால் ஓடும், பிறகு மறுபடி நிற்கும். அடுத்து ஃபில்டர். அடியில் தண்ணீரும் சேறும் தங்கும். பிறகு ஃபீட் பம்பின் கைப்பிடியை அடித்து, ஏர் ஸ்குரூவைத் தளர்த்தி, நுரை போய்ச் சுத்தமான டீசல் வரும்வரை ஏர் எடுங்கள்.

நுரை நிற்கவே இல்லையென்றால் குழாயில் எங்கோ காற்று புகுகிறது. டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் இடையே உறிஞ்சும் இழுவைதான் இருக்கும். அங்கே விரிசல் இருந்தால் டீசல் வெளியே சொட்டாமல், காற்று உள்ளே போகும். தரையில் ஈரம் இல்லை, அதனால் குழாய் நல்ல குழாய் என்று எண்ண வேண்டாம். ஒரு கேனில் சுத்தமான டீசல் எடுத்து, புது ரப்பர் குழாயால் நேராக ஃபீட் பம்புக்குக் கொடுத்து, ஏர் எடுத்து, செல்ஃப் அடித்துப் பாருங்கள். எஞ்சின் ஓடினால் பம்ப் நிரபராதி.

அப்படியும் பிடிக்கவில்லையென்றால், நாசில் பக்கத்து நட்டைச் சற்றே தளர்த்தி, துணியால் மூடிச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அங்கே டீசல் வந்தால் ஏர் ஃபில்டரையும் கம்ப்ரஷனையும் பார்க்க வேண்டும். வரவே இல்லையென்றால், ஸ்டாப் கேபிளும் சொலினாய்டும் சரியாக இருக்கும்போதுதான் பம்பை இறக்கும் பேச்சு வரும். ஒரு எச்சரிக்கை: நாசிலிலிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். அதன் முன் கையை நீட்டவே கூடாது.

போனில் பேசிய மாணவர் அன்று மாலையே கேனை வைத்துப் பார்த்தார். எஞ்சின் ஓடியது. டேங்கின் அருகே கால வயதில் வெடித்திருந்த ரப்பர் குழாய்தான் காரணம். ஒரு அடிக் குழாயும் இரண்டு கிளிப்பும் மாற்றியதோடு வேலை முடிந்தது.

பம்ப் பழுதே ஆகாது என்று நான் சொல்லவில்லை. பல பழைய கார்களில் உள்ள ரோட்டரி பம்புக்கு உயவும் டீசல்தான். தண்ணீர் கலந்தாலோ, டீசல் இல்லாமல் ஓடினாலோ உள்ளே உரசி இறுகிவிடும். ஆனால் அதைத் தூசி புகாத இடத்தில், சோதனை மேடை உள்ளவர்தான் பிரிக்க வேண்டும். ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு இடைவெளியை நினைத்துக்கொள்ளுங்கள். நன்றாக இருக்கும் பம்பை சாலையோரத்தில் பிரித்தால், அதன்பின் அது உண்மையிலேயே பழுதாகிவிடும்.

உங்களில் பலர் ஐடிஐயில் டீசல் மெக்கானிக் படித்து, டெப்போக்களிலும் பம்ப்-நாசில் கடைகளிலும் வேலை செய்கிறீர்கள். ஏட்டறிவில் நான் விட்டதை உங்கள் கைப்பழக்கம் அறியும். சேர்த்து எழுதுங்கள், நானும் படித்துக்கொள்கிறேன். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் டிக்கியில் ஒரு காலி கேனும், இரண்டடி ரப்பர் குழாயும், இரண்டு கிளிப்பும் போட்டு வையுங்கள்.

நலமாக இருங்கள்.