பதிவேட்டில் இல்லாத ஓர் ஆண்டு: 1995இல் எமது பத்தாம் வகுப்பு

எமது பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு மலருக்காகக் கல்லூரியின் பழைய ஆவணங்களைப் புரட்டியபோது ஒரு வெற்றிடம் எமக்குத் தென்பட்டது. 1994ஆம் ஆண்டுவரை அதிபர்களின் ஆண்டறிக்கைகள் உண்டு. 1997இலிருந்து மீண்டும் உண்டு. இடையில் எதுவும் இல்லை. 1995இல் பரிசளிப்பு விழா நடைபெறவில்லை. கல்லூரிச் சஞ்சிகை வெளிவரவில்லை. வரவுப் பதிவேடுகளும் சம்பவத் திரட்டுப் புத்தகமும் இடப்பெயர்வோடு அழிந்துபோயின. அவ்வாண்டில் பத்தாம் ஆண்டு 'ஆ' பிரிவில் கற்ற நாம், எமது நினைவுகளையும் எம்மிடம் எஞ்சியுள்ள சில கொப்பிகளையும் ஒப்புநோக்கி இக்கட்டுரையை எழுதுகிறோம்.

அவ்வாண்டு நம்பிக்கையோடுதான் பிறந்தது. ஜனவரி 8ஆம் திகதி அரசாங்கத்துக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையில் போர்நிறுத்தம் நடைமுறைக்கு வந்தது. வகுப்பில் நாம் 41 பேர். 1990இலிருந்து யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய், சவர்க்காரம், பற்றறி எல்லாம் யானை விலை. ஜாம் போத்தல் விளக்கில் படித்தோம். பழைய வினாத்தாள்களின் பின்பக்கத்தில் கணக்குச் செய்தோம். பனம்பழத்தால் தோய்த்த சீருடைகள் மெல்ல மஞ்சள் பாரித்திருந்தன. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுழற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்பது வீட்டில் எமக்குரிய மாலைக் கடமையாக இருந்தது.

முதலாந் தவணையில் இல்ல மெய்வல்லுநர் போட்டி நடந்தது. சுண்ணாம்புக்குத் தட்டுப்பாடு. வீட்டுக்கு ஒரு சிரட்டை அடுப்புச் சாம்பல் கொண்டுவந்து மைதானத்தில் கோடு போட்டோம். அஞ்சலோட்டம் தொடங்குமுன்னரே காற்று பாதிக் கோட்டைக் கொண்டுபோய்விட்டது. எந்த இல்லம் வென்றது என்பதில் எமக்குள் இன்றும் இணக்கமில்லை. நிரூபிக்கப் பதிவேடும் இல்லை!

சித்திரை விடுமுறையில், ஏப்ரல் 19ஆம் திகதி, திருகோணமலைத் துறைமுகத்தில் கடற்படைக் கலங்கள் இரண்டு தகர்க்கப்பட்டன. போர்நிறுத்தம் முடிந்தது. இரண்டாந் தவணைக்கு நாம் திரும்பியபோது, பெற்றோர்கள் கல்லூரி வளவில் 'ட' வடிவப் பதுங்கு குழிகளைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். பனங்குற்றி அடுக்கி, மேலே மண்மூடை வைத்த குழிகள். மணி விட்டுவிட்டு அடித்தால் வரிசையாக இறங்கவேண்டும். கணித ஆசிரியை அங்கேயும் வாய்ப்பாடு கேட்பார். விமானச் சத்தம் தேயும்வரை விடை சொல்லிக்கொண்டிருப்போம். பயத்தை அடக்க அவர் கண்ட வழி அது என்பதை நாமே ஆசிரியைகளான பின்னர்தான் புரிந்துகொண்டோம்.

அத்தவணையில் தமிழ்த்தினப் போட்டிகளும் நடந்தன. வகுப்பின் கையெழுத்துச் சஞ்சிகையும் ஒரு பிரதியாக வெளிவந்தது. வீட்டுக்கு ஓர் இரவு என்ற முறையில் அது 41 வீடுகளுக்கும் போய்வரவேண்டும் என்பது ஏற்பாடு. எத்தனையாவது வீட்டில் அது நின்றுபோனது என்பது எவருக்கும் தெரியாது.

ஜூலை 9ஆம் திகதி 'முன்னேறிப் பாய்தல்' இராணுவ நடவடிக்கை தொடங்கியது. அன்றே நவாலியில் அடைக்கலம் தேடியிருந்த மக்கள்மீது குண்டுகள் விழுந்தன. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். வலிகாமத்திலிருந்து வெளியேறிய குடும்பங்கள் எமது வகுப்பறைகளில் தங்கின. நாம் வீடுவீடாகச் சென்று உடுப்புச் சேர்த்தோம். சோற்றுப் பார்சல் கட்டினோம்.

இவ்விடத்தில் எமது தோழி ஒருத்தியைப் பற்றிக் கூறவேண்டும். 1990 ஜூனில் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்து எம்முடன் சேர்ந்தவள் அவள். ஐந்து வருடங்களாக எமது வகுப்பில் இருந்தும் அவளை ஊர்ப் பெயர் சொல்லித்தான் அழைத்தோம். அவளுக்குக் கொப்பி இரவல் கொடுக்க எம்மில் சிலர் பின்னின்றோம். பார்சல் கட்டிக்கொண்டிருந்த அன்று அவள் எம்மிடம் ஒன்றே ஒன்றைக் கேட்டுக்கொண்டாள்: "அந்தச் சனத்திட்ட, எப்ப திரும்பிப் போவியள் எண்டு மட்டும் கேக்காதேங்கோ." அந்தக் கேள்வியை அவளிடம் நாம் எத்தனை தடவை கேட்டிருந்தோம் என்பது எமக்குத் தெரியும். எவரும் பேசவில்லை. பார்சலைத்தான் கட்டினோம்.

செப்ரெம்பர் 22ஆம் திகதி நாகர்கோவில் பாடசாலையில் விமானக் குண்டுவீச்சில் சிறுவர் பலர் மாண்டனர். அடுத்த வாரம் நவராத்திரி. வாணி விழாவுக்குப் பழகியிருந்த நடனங்களை அதிபர் நிறுத்திவிட்டார். பூசை மட்டும் நடந்தது. அவலும் கடலையும் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றோம்.

பூசை முடிந்து சில நாள்களில், ஓய்வுப் பாடவேளையில், அதே தோழி கரும்பலகையில் ஒரு பட்டியல் எழுதினாள். பிறப்பத்தாட்சிப் பத்திரம், தேர்ச்சி அறிக்கை, கணிதக் கொப்பி, ஒரு பானை, ஒரு படங்கு, உப்பு. "வெளிக்கிட வேண்டி வந்தா இதுகள எடுங்கோ. நாங்கள் தேர்ச்சி அறிக்கைய விட்டிட்டு வந்து பட்ட பாடு எனக்குத் தெரியும்." நாம் சிரித்தோம். யாழ்ப்பாணப் பட்டினத்தை விட்டு எவராவது வெளிக்கிடுவார்களா என்று கேட்டோம்.

ஒக்ரோபர் 17ஆம் திகதி 'ரிவிரெச' நடவடிக்கை தொடங்கியதும் வகுப்புகள் நின்றன. 30ஆம் திகதி, இரவுக்குள் வெளியேறவேண்டும் என்று ஒலிபெருக்கியில் விடுதலைப் புலிகளின் அறிவித்தல் வந்தது. மழை பெய்தது. இலட்சக்கணக்கான மக்கள் செம்மணி வெளியாலும் நாவற்குழிப் பாலத்தாலும் தென்மராட்சிக்கு நகர்ந்தார்கள். சைக்கிளில் ஒரு மணித்தியாலத்தில் போகும் தூரத்துக்கு எம்மில் பலருக்கு ஓர் இரவு முழுவதும் சென்றது. வயோதிபர்களைச் சைக்கிள் கரியரில் இருத்தித் தள்ளினோம். குடையைக் கவிழ்த்துப் பிடித்து மழைநீர் குடித்தோம். எம்மில் பன்னிருவர் அன்று அந்தப் பட்டியலை நினைவிற்கொண்டு தேர்ச்சி அறிக்கைகளைப் பொலித்தீனில் சுற்றி எடுத்து வந்திருந்தோம். மற்றவர்கள் பின்னர் அதற்காக அலைந்தார்கள்.

தென்மராட்சியிலுள்ள பாடசாலைகள் எல்லாம் மக்களால் நிரம்பி வழிந்தன. 1996இன் தொடக்கத்தில் எமது அதிபரும் ஆசிரியைகள் சிலரும் கொடிகாமத்துக்கு அண்மையில் ஒரு மாமரத்தின் கீழ்ப் பிற்பகல் வகுப்புகளை ஆரம்பித்தார்கள். முதல் நாள் வந்தோர் 23 பேர். வகுப்பாசிரியை ஒற்றைத் தாளில் கோடு கீறி 41 பெயர்களையும் எழுதி, வராதவர்களின் பெயர்களையும் தினமும் கூப்பிட்டார். பதில் வராத பெயருக்குப் பின் சற்றுத் தாமதித்து, அடுத்த பெயருக்குப் போவார். இப்போது எம்மை எவரும் 'எப்ப திரும்பிப் போவியள்?' என்று கேட்டால் எமக்குச் சுருக்கென்றது.

அத்தோழியும் மாமர வகுப்புக்கு வந்தாள். தன் கணிதக் கொப்பியை எல்லோருக்கும் பார்த்தெழுதத் தந்தாள். எம்மிடம் இன்று எஞ்சியுள்ள கொப்பிகளில் இரண்டு அதைப் பார்த்து எழுதியவைதாம். செய்ததற்கு வருந்துகிறோம் என்று அவளிடம் சொல்ல நினைத்தும் சொல்லாமலே நாள் கடத்தினோம். ஏப்ரல் 19ஆம் திகதி இராணுவ நடவடிக்கை தென்மராட்சிக்கும் வந்தது. சிலர் நாவற்குழி வழியே யாழ்ப்பாணம் திரும்பினோம். சிலர் கிளாலிக் கடலைக் கடந்து வன்னிக்குச் சென்றார்கள். அவள் குடும்பம் கிளாலிப் பக்கம் போனதாகக் கேள்விப்பட்டோம். அதன்பின் தொடர்பில்லை. அவளது சம்மதம் கேட்க வழியில்லாததால் பெயரை இங்கு எழுதவில்லை.

கல்லூரிக்குத் திரும்பிய முதல் நாளில் 19 பேர் இருந்தோம். நூலகப் புத்தகங்கள் மழையில் ஊறிப் பாளமாகியிருந்தன. ஆய்வுகூடத்தில் முழுதாய் இருந்த கண்ணாடிக் குடுவைகள் நான்கு. அன்று பாடம் நடக்கவில்லை, கூட்டிக் கழுவினோம். மறுநாள் வகுப்பு நடந்தது.

வகுப்பாசிரியையின் அந்த ஒற்றைத் தாளும் பின்னர் தொலைந்துபோனது. இம்மலருக்காக நாம் கூடி, 41 பெயர்களில் 39ஐ வரிசைப்படி மீள எழுதியுள்ளோம். அவர்களுள் இருவர் இன்று உயிருடன் இல்லை. விடுபட்ட இரு பெயர்களையும் அறிந்தோர் சங்கச் செயலாளருக்கு எழுதி உதவுமாறு கேட்டுக்கொள்கிறோம். அப்பட்டியலையும் இரண்டு கணிதக் கொப்பிகளையும் நூற்றாண்டு விழா நாளில் கல்லூரி நூலகத்திடம் ஒப்படைக்கவுள்ளோம். இம்மலர் எங்கேனும் எமது தோழியின் கைக்கு எட்டுமாயின் அவள் அறியவேண்டியது ஒன்றுண்டு: அப்பட்டியலில் அவளை ஊர்ப் பெயரால் அல்ல, அவளது முழுப் பெயராலேயே எழுதியிருக்கிறோம்.

1995ஆம் ஆண்டு பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவிகள்