மதீனாவில் நின்றுபோன தண்டவாளம்

1900ஆம் ஆண்டளவில் கல்முனைக் கரையிலிருந்து ஒருவர் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டால், திரும்பி வருவார் என்று வீட்டார் உறுதியாக நம்பியிருக்க முடியாது. கடன் தீர்த்து, அயலவரிடம் பொருத்தம் கேட்டு, கப்பலேறி ஜித்தாவில் இறங்கினாலும் அதற்கப்பால் ஒட்டகம்தான். மதீனாவுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் பயணம். வழியில் தாகம், கொள்ளை, வாந்திபேதி. வடக்கே டமஸ்கஸிலிருந்து வந்தவர்களின் பாடு இன்னும் மோசம். அவர்கள் மதீனாவை அடைய 40 நாள் பிடித்தது. அந்த நாற்பதை நாலாக்கிக் காட்டுகிறேன் என்று ஒருவர் கிளம்பினார்.

அவர் உஸ்மானியப் பேரரசின் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீத். ஹாஜிகளின் கஷ்டம் ஒரு காரணம்; தூரத்து மாகாணங்களுக்குப் படைகளை வேகமாக அனுப்பலாம் என்ற கணக்கு இன்னொன்று. 1900 மே மாதம் அறிவிப்பு வந்தது. கஜானாவோ காலி. ஐரோப்பியரிடம் ஏற்கெனவே கழுத்துவரை கடன். அதனால் சுல்தான் முஸ்லிம் உலகத்திடம் கையேந்தினார். அரசு ஊழியரின் சம்பளத்தில் ஒரு பங்கு பிடிக்கப்பட்டது. உழ்ஹிய்யாத் தோல் விற்ற காசுகூட ரயிலுக்குப் போனது. நன்கொடையாளருக்குப் பதக்கம் கிடைத்தது. பஞ்சாபில் முகம்மது இன்ஷா அல்லாஹ் என்ற பத்திரிகையாளர் எழுதி எழுதியே பணம் திரட்டினார். காசு சேர்ந்துவிட்டது; பாலைவனம் மட்டும் மசியவில்லை.

ஜெர்மானியப் பொறியியலாளர் மைஸ்னர் தலைமையில், பெரும்பாலும் படைவீரர்களின் உழைப்பில் பாதை நகர்ந்தது. தண்ணீர் இல்லாத இடத்தில் நீராவி இயந்திரம் ஓட்டுவதென்றால் சும்மாவா? மழை வந்தால் அதுவரை காய்ந்து கிடந்த ஓடை பொங்கிப் போட்ட பாதையை அரித்துப் போனது. அல்-உலாவுக்குத் தெற்கே புதுச் சிக்கல். அது புனித மண். முஸ்லிமல்லாதோர் கால்வைக்கக் கூடாது. ஐரோப்பிய நிபுணர்கள் அங்கேயே நின்றுவிட, மிச்சத்தை முஸ்லிம் பொறியியலாளர்களே முடிக்க வேண்டியதாயிற்று. முடித்தார்கள். 1908 ஆகஸ்டில், 1,300 கிலோமீட்டர் கடந்து, முதல் ரயில் மதீனாவுக்குள் நுழைந்தது. இன்றைய சிரியா, ஜோர்தான், சவூதி அரேபியா மூன்றையும் ஊடறுத்த பாதை அது. மக்காவுக்கு இன்னும் 400 சொச்சம் கிலோமீட்டர்தான் பாக்கி.

அந்தப் பாக்கி 110 வருடம் பாக்கியாகவே கிடந்தது.

ரயில் மதீனா சேர்வதற்குச் சில வாரங்கள் முன்பே சுல்தானுக்கு எதிராக இளந்துருக்கியர் புரட்சி வெடித்திருந்தது. 1909 ஏப்ரலில் சுல்தானைப் பதவியிலிருந்தே இறக்கினார்கள். மதீனாவுக்கு அப்பால் ஒட்டக வாடகையால் வாழ்ந்த கோத்திரங்கள் தண்டவாளத்தைத் தங்கள் வயிற்றிலடிக்கும் வேலையாகப் பார்த்தன. மக்காவின் ஷரீபுக்கும் சுல்தானின் படை ரயிலேறித் தன் வாசலுக்கு வருவதில் விருப்பமில்லை. அந்தப் பாதையை நிறுத்தியதில் மணலைவிட மனிதர்களுக்கே பங்கு அதிகம் என்பேன். பிறகு உலகப் போர் வந்தது. 1916இல் துருக்கியருக்கு எதிராக அரபுக் கிளர்ச்சி. கூடவே வெடிமருந்துப் பெட்டியோடு டி. ஈ. லாரன்ஸ் என்ற ஆங்கிலேயர்.

லாரன்ஸின் கூட்டத்தார் கையாண்ட ஒரு வித்தை விசித்திரமானது. உலோகச் சிலிப்பர்க் கட்டையின் அடியில் நடுவாகக் கொஞ்சம் வெடிமருந்து வைப்பார்கள். வெடித்ததும் கட்டை அறுந்து போகாது. டியூலிப் பூப்போல மேலே வளைந்து நிற்கும். வளைகிற வேகத்தில் இருபக்கத் தண்டவாளமும் முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய இரும்பை நிமிர்த்த முடியாது. புதிது கொண்டுவர வேண்டும். ஆனாலும் பாதையை ஒரேயடியாகத் துண்டிக்க லாரன்ஸ் விரும்பவில்லை. அரைகுறையாக ஓடிக்கொண்டிருந்தால்தான் துருக்கியர் அதைக் காக்க ஆளையும் இரும்பையும் கொட்டிக்கொண்டே இருப்பார்கள் என்பது அவர் கணக்கு. மதீனாவைக் காத்த உஸ்மானியத் தளபதி ஃபக்ரி பாஷா, போர் முடிந்த பிறகும் 1919 ஜனவரி வரை சரணடையாமல் நின்றார். ரயில்தான் தாக்குப்பிடிக்கவில்லை. 1960களில் பழைய பாதையைத் தூக்கி நிறுத்தப் பார்த்தார்கள். 1967 போர் அதையும் முடித்துவைத்தது.

அதற்குள் வானம் திறந்துவிட்டது. கப்பல் போய் விமானம் வந்தது. 1981இல் ஜித்தாவில் மன்னர் அப்துல் அஸீஸ் விமான நிலையம் திறக்கப்பட்டது; அதன் ஹஜ் முனையம் கூடாரம் கூடாரமாக நின்றது. விமானத்தில் சில மணிநேரத்தில் வந்தவர்கள், இறங்கியபின் பஸ்ஸில் மணிக்கணக்காக அவிந்தார்கள். மதீனாவுக்கும் மக்காவுக்கும் இடையே ரயில் வேண்டும் என்ற பழைய பேச்சு மறுபடி எழுந்தது. இம்முறை பணத்துக்குப் பஞ்சமில்லை. 2011இல் பிரெஞ்சுக்காரரை முந்தி ஸ்பானியக் கூட்டணி ஒப்பந்தத்தைத் தட்டிச் சென்றது. அவர்கள் கொண்டுவந்த ரயிலின் மூக்கு நீண்டு தட்டையாக இருக்கும். ஸ்பெயினில் அதற்குப் பட்டப்பெயரே 'வாத்து'. வாத்து பறக்கத் தயார், ஆனால் காற்றில் வந்து குவிந்த மணல் வேலையை இழுத்தடித்தது. குறித்த தவணையெல்லாம் தவறிப்போனது.

ஒருவழியாக 2018 செப்டம்பர் 25 அன்று மன்னர் சல்மான் திறந்துவைத்தார். 450 கிலோமீட்டர், மணிக்கு 300 கிலோமீட்டர் வேகம். அப்பாடா என்று மூச்சுவிட்ட நேரம். ஏறக்குறைய ஓராண்டில், 2019 செப்டம்பர் 29 அன்று, ஜித்தாவின் சுலைமானியா நிலையம் தீப்பற்றி எரிந்தது. கூரை சரிந்தது, சேவை நின்றது.

தீ ஒரு கதவை அடைத்து இன்னொன்றைத் திறந்தது. எரிந்த நிலையத்தைத் தொடாமல் சுற்றிப்போக அவசரமாக ஒரு புறவழித் தண்டவாளம் போட்டார்கள். டிசம்பரில் ரயில் மீண்டும் ஓடியபோது ஜித்தாவின் வாசலாக நின்றது விமான நிலையத்துக்குள்ளேயே கட்டியிருந்த நிலையம். மூன்று மாதத்தில் கொரோனா வந்து அதையும் மூடியது. 2021 மார்ச்சில்தான் மறுபடி திறந்தது.

இன்று கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று உம்ராக் குழுக்களில் போகிறவர்கள் பஸ் வேண்டாமென்று நினைத்தால் ஏறக்கூடியது இந்த ஹரமைன் ரயில்தான். ஜித்தாவில் இறங்கி, பெட்டியை எடுத்து, முதலாம் முனையத்திலிருந்து நடந்தே போனால் ரயில் நிலையம். மக்காவுக்கு ஒரு மணிநேரத்துக்குள். மதீனாவுக்கு ஏறத்தாழ இரண்டு மணிநேரம். மக்கா நிலையம் ஹரத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி ருஸைஃபாவில் இருப்பதால் கடைசித் துண்டுக்கு டாக்ஸியோ பஸ்ஸோ பிடிக்கத்தான் வேண்டும்.

அந்த வண்டியில் ஏறுகிற நம் ஊர்க்காரர் கட்டுநாயக்காவுக்குப் பெரும்பாலும் இரவு முழுக்க வேனில் குலுங்கி வந்தவர். 1928இல் மட்டக்களப்புக்கு வந்த ரயில் பாதை, கல்முனைக்குச் சுமார் 40 கிலோமீட்டர் பாக்கி வைத்து, அங்கேயே நின்றுகொண்டிருக்கிறது.