ஒரே தவணை: தாதாபாய் நௌரோஜி

பம்பாயில் 1825-இல் பார்சிக் குடும்பத்தில் பிறந்து, எல்பின்ஸ்டன் கல்லூரியில் கணிதப் பேராசிரியராய் விளங்கியவர் தாதாபாய் நௌரோஜி. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் புக விழைந்து, 1886-இல் ஹோல்பர்ன் தொகுதியில் நின்று தோற்றார். கறுப்பு மனிதர் ஒருவரை ஆங்கில வாக்காளர் தேர்ந்தெடுப்பரோ என 1888-இல் பிரதமர் சாலிஸ்பரி இகழ்ந்துரைத்தார். 1892-இல் மத்திய ஃபின்ஸ்பரி மக்கள் ஐந்தே வாக்கு வேறுபாட்டில் அதற்கு விடையளித்தனர்.

அவையில் அவர் தம் சமயநூலாம் அவெஸ்தாவின்மீது உறுதியேற்றார். ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் ஒரே காலத்தில் நடத்தவேண்டும் என்னும் தீர்மானம் 1893-இல் நிறைவேறிற்று. அரசோ அதனைச் செயற்படுத்தவில்லை. 1895 தேர்தலில் இவரும் தோற்றார்.

ஒரே தவணை, பெற்ற வெற்றியும் ஏட்டளவில் நின்றது. எனினும் அவ்வாழ்வைத் தோல்வி எனல் தகுமோ? இந்தியச் செல்வம் ஆண்டுதோறும் கடல்கடந்து வடிவதை ஆள்வோரின் புள்ளிவிவரங்களைக் கொண்டே ஆராய்ந்து, 1901-இல் நூலாக வெளியிட்டார். 1906-இல், தம் 81-ஆம் அகவையில், கல்கத்தாக் காங்கிரசுக்குத் தலைமை ஏற்றார். அத்தலைமையுரையில் 'சுயராஜ்யம்' என்னும் சொல் ஒலித்தது. நம் பாரதியும் அவரைப் பாடினார்.

1917-இல் தாதாபாய் மறைந்தார். அவையில் அவருக்குக் கிடைத்தவை மூன்றாண்டுகளே. அவர் விதைத்த சொல்லோ நாற்பதாண்டுகளுக்குப்பின் 1947-இல் விளைந்தது. சொல்லையே தொழிலாகக் கொண்ட நாம் நினைவிற்கொள்ளத்தக்க வரலாறு இது.